வீடு என்னுடையது, நிலம் அசல்

அக்டோபர் 6

புது நோட்டின் முதல் பக்கத்தில் பெயர் எழுத வேண்டும் என்று தமிழ்ப்பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். எழுதுகிறேன். பிலோமினா. கணவர் பெயர் வர்சோனோ. பிறந்தது கிள்ளான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். வாழ்க்கைப்பட்டது ஜாவாவில், எரிமலைச் சரிவில், கலிவாது என்ற குக்கிராமம். இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஜீவன் நான்தான். அதனால் இந்த நோட்டை ஒளித்துவைக்க வேண்டியதில்லை. சமையல்கட்டு மேசையில் விரியத் திறந்தே கிடக்கலாம்.

மிளகாய்ச் செடிகளுக்கு மூங்கில் குச்சி நட்டுக் கட்டி முடித்தேன். இவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "அந்த வரிசை கோணலா இருக்கு மீனா" என்று கங்காணி வேலை பார்த்தார். பிலோமினாவை அறுத்து மீனா ஆக்கியவரும் இவர்தான். ஆற்றில் மணல் அள்ளப் போய் நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட மனுஷன். மூச்சுதான் போதவில்லையே தவிர வாய்க்கு ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் என் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டார். தேய்க்கும்போதே நின்று நின்று மூச்சு வாங்கினார். நான் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

அக்டோபர் 9

டாக்டர் இனி ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டுச் சாப்பாடு உடம்பைத் தேற்றும் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. வரும் வழியில் கோழி வாங்கினேன்.

அக்டோபர் 11

கூரையில் இரண்டு ஓடு மாற்றினேன். இவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். உண்மையில் ஏணிதான் இவரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியாக வேண்டும். கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் இரண்டு பேரும் கால் கடுக்க நின்று சம்பாதித்த வீடு. கல்யாணம் கட்டி இங்கே வந்த புதிதில், "வீடு வாங்கியாச்சு, நாளைக்கு வருது" என்றார். வீடு எப்படி வரும் என்று சிரித்தேன். மறுநாள் லாரியில் வந்து இறங்கியது! கீழூரில் யாரோ விற்ற பலாமர வீடு. தூணும் உத்தரமும் ஓடுமாகப் பிரித்து எடுத்துவந்து, இவர் அப்பா விட்டுப்போன மனையில் நிறுத்திவிட்டார்கள். ஆணியே கிடையாது, எல்லாம் மரமுளைதான். எங்கள் பக்கம் வீடு என்றால் மண்ணோடு சேர்ந்ததுதான். இங்கே கட்டில் மாதிரி அதுவும் ஒரு சாமான்.

அக்டோபர் 14

கொழுந்தனார் சர்விடி வாழைத்தாரோடு வந்தார். இவருக்கு ஒரே தம்பி. ஆற்றங்கரையோரம் குடியிருக்கிறார்.

இவர் என்னைத் தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லிவிட்டுத் தம்பியிடம் பேசினார். நானும் கட்டில் காலடியிலேயே நின்றிருந்தேன்.

"தம்பி, நான் போனதுக்கு அப்புறம் மீனா இங்கதான் இருக்கணும். இதே மனையில. அவளை யாரும் எழுப்பக் கூடாது."

சர்விடி தரையைப் பார்த்துக்கொண்டு, "இங்கீ, காங்" என்றார்.

காங் என்றால் அண்ணன். ஆமாம் என்பதற்கு இவர்களிடம் படிப்படியாக வார்த்தைகள் உண்டு. வீட்டுக்குள், தோழன் தம்பிக்குள் 'யோ'. மரியாதைப்பட்டவர்களுக்கு 'இங்கீ'. வந்த புதிதில் எல்லோரும் என் மாமியாரிடம் "இங்கே, இங்கே" என்கிறார்கள், எதைக் காட்டுகிறார்கள் என்று சுற்றும் முற்றும் தேடியிருக்கிறேன். இன்றைக்குச் சர்விடி சாதாரண யோ சொல்லவில்லை. பாதிரியாரிடம் சொல்வதைப் போலக் குனிந்து இங்கீ என்றார். சாகும் பேச்சைப் பேசுகிறாரே என்று எனக்கு இவர்மேல் கோபம்தான். ஆனாலும் மனசு குளிர்ந்துவிட்டது.

இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பாரம் இறங்கிய நிம்மதி. நன்றாகத் தூங்கினார்.

அக்டோபர் 22

சாம்பல் விழுந்தது. காயப்போட்ட துணி அத்தனையும் மறுபடி துவைத்தேன்.

மலையை இங்கே யாரும் பேர் சொல்வதில்லை. எம்பா என்பார்கள், தாத்தா என்று அர்த்தம். மலை வெடிக்கிறது என்றும் சொல்ல மாட்டார்கள். 'எம்பா வீட்டில் விசேஷம்' என்பார்கள். விசேஷ வீட்டுக்காரர் எங்கள் மிளகாய்மேல் கொட்டிவிட்டுப் போனதை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். இவருக்கு இருமல் அதிகம். ஈரத் துணியைச் சன்னலுக்குக் கட்டினேன்.

நவம்பர் 3

போய்விட்டார். விடிந்து கஞ்சி கொண்டுபோனேன். கஞ்சி சூடாகவே இருந்தது.

நவம்பர் 6

இங்கே பிணத்தை வைத்துக்கொண்டு உட்கார மாட்டார்கள். அன்றைக்கே அடக்கம். நான் அழுது முடிக்கவில்லை, பெட்டி வந்துவிட்டது. பக்கத்துச் சலாக் பழத்தோட்டத்து யு துமிரா வந்து என் சமையல்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். யு என்றால் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள், அவளும் தாலியறுத்தவள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிடத் தாராளம். ஊர் முழுக்க வந்து சோறு வடித்தது, இலை நறுக்கியது. யாரும் சத்தம் போட்டு அழவில்லை. நான் மட்டும் தோட்டத்து வழக்கப்படி மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். பெண்கள் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்கள். சர்விடி என்னைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார். அவருக்கும் துக்கம் தாங்கவில்லை போலும்.

நவம்பர் 10

கிள்ளானிலிருந்து தம்பி சவரி கூப்பிட்டான்.

"அக்கா, வந்துரு லா. அங்க தனியா என்ன செய்யப் போற?"

"என் வீடு இருக்கு, நிலம் இருக்கு. எதுக்கு வரணும்?"

"அந்த எரிமலைக் காட்டுலயா?"

"காடா இருந்தாலும் என்னுது. நம்ம அப்பனுக்கு அதுகூட இல்லையேடா."

தோட்டத்தை விற்றபோது எங்களை லயத்து வீட்டிலிருந்து கிளப்பியது அவனுக்கும் நினைவிருக்கும். மூன்று தலைமுறை பால்மரம் வெட்டிய இடம். சட்டி பானையை ரோட்டோரம் அடுக்கிவைத்து மழையில் உட்கார்ந்திருந்தோம். இங்கே குடியுரிமை மாற்றிக்கொண்டபோது பழைய பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அதிகாரி வருத்தமில்லையா என்று கேட்டார். வருத்தமாவது! மனை உள்ள வீட்டில் வாழப்போகிறவளுக்கு என்ன வருத்தம் என்று அன்றைக்கு இருந்தது.

இரவுச் சாப்பாடு இரண்டு பேருக்கு வடித்துவிட்டேன்.

நவம்பர் 24

மத்தியானம் மேல்மலையில் மழை. ஊர்க்காவல் குடிசையில் தொங்கும் மூங்கில் கட்டையைத் தட்டினார்கள், லஹார் வருகிறது என்று. மலைமேல் கிடக்கும் மணலும் பாறையும் மழைத்தண்ணீரோடு சேர்ந்து ஆற்றில் இறங்குவதுதான் லஹார். தரை அதிர்ந்தது. வேடிக்கை பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் எல்லோரும் மேட்டில் நின்று வேடிக்கை பார்த்தோம்.

சர்விடியும் நின்றிருந்தார். சாம்பல் நிறக் கஞ்சி மாதிரி ஓடிய ஆற்றைக் கை நீட்டிக் காட்டினார்.

"அந்தப் பெரிய பாறையிலேர்ந்து அந்த மூங்கில் புதர் வரைக்கும் என்னுது, யு. அப்பா எனக்குப் பிரிச்சுக் கொடுத்த வயல். அண்ணனுக்கு மேட்டு மனை, எனக்கு நஞ்சை. ஊரே என்னைத்தான் கொடுத்துவச்சவன்னு சொல்லிச்சு."

பல வருஷம் முந்தி ஒரே மத்தியானத்தில் ஆறு திசை மாறி அவர் வயல்மேல் ஏறிப் படுத்துவிட்டதாம். இன்னும் அதற்கு நிலவரி கட்டுகிறாராம்.

"அப்ப ஆத்துக்கே நீங்கதான் முதலாளி" என்றேன், சிரிக்கவைக்கலாம் என்று. அவர் சிரிக்கவில்லை. அவர் மனைவி கஸ்மி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். சளி பிடிக்காமல் இருக்க வேண்டும்.

டிசம்பர் 12

நாற்பதாம் நாள் ஜெபம் நடந்தது. ஊர்க்கோவிலிலிருந்து வந்து பாடினார்கள். முஸ்லிம் வீட்டுக்காரர்களும் வந்து வாசலில் உட்கார்ந்திருந்து சோற்றுப் பொதி வாங்கிப்போனார்கள். இந்த ஊரில் அது ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கஸ்மி பாத்திரம் கழுவிக்கொண்டே அன்பாகக் கேட்டாள். "யு, தம்பி வீட்டை நெனச்சு ஏக்கமா இல்லையா? அங்கயும் மழைக்காலமா இப்ப?" என்ன இருந்தாலும் இன்னொரு பெண்ணின் மனசு பெண்ணுக்குத்தான் தெரியும். ஏக்கமெல்லாம் இல்லை, என் இடம் இதுதான் என்றேன். "இங்கீ, யு" என்றாள்.

அவர்கள் மகன் வஹ்யுவுக்கு வருகிற வருஷம் கல்யாணம். நல்ல பொறுப்பான பையன். ஜெபம் முடிந்ததும் நீளமான மூங்கிலை எடுத்துக்கொண்டு என் கொல்லையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி அளந்து பார்த்தான். வேலி சாய்ந்திருப்பதைச் சரிசெய்யப் போகிறான் போல. பெரியப்பா இல்லாத குறை தெரியக் கூடாது என்று நினைக்கிறான். அவனுக்கு இரண்டாவது பொதி கட்டிக் கொடுத்தேன்.

டிசம்பர் 25

பூசைக்குப் போனேன். பெஞ்சில் இவர் உட்காரும் இடத்தில் கைப்பையை வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 4

வேலி இன்னும் சரிசெய்யவில்லை. வஹ்யு மறந்துவிட்டான். நானே கட்டினேன்.

ஜனவரி 8

யு துமிராவோடு சலாக் பழம் தரம் பிரித்தேன். பாம்புத்தோல் போர்த்த பழம். கவனம் தப்பினால் கையெல்லாம் முள். அவள் பழங்களைப் பெரிசு சிறிசாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே பேச்சைத் தொடங்கினாள்.

"நூறாம் நாள் முடிஞ்சா என்ன செய்யறதா இருக்கே?"

"என்ன செய்யறது? இருக்கறதுதான். இவர் தம்பிகிட்டக் கேட்டு வாக்கு வாங்கிட்டுத்தான் போனாரு."

"சர்விடி வாக்குக் கொடுத்தானா?" அவள் நிமிர்ந்தாள். "எப்படிச் சொன்னான்? யோன்னானா, இங்கீன்னானா?"

"இங்கீன்னுதான். தலையைக் குனிஞ்சு, ரொம்ப மரியாதையா."

அவள் கையிலிருந்த பழத்தைக் கூடையில் போடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மீனா, அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே பாயில படுத்து வளர்ந்தவங்க. என்னைக்காவது சர்விடி அவன் அண்ணன்கிட்ட இங்கீ போட்டுப் பேசிக் கேட்டிருக்கியா?"

யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை.

"மனசார சம்மதம்னா யோன்னு இருப்பான். மரியாதை வார்த்தை எடுத்தான்னா தள்ளி நிக்கறான்னு அர்த்தம். நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு, அவ்வளவுதான் அதுக்குப் பொருள். முடியாதுன்னு சொல்ல வாய் வராதப்ப நாங்க அதைத்தான் சொல்லுவோம்."

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே!"

"சாகக் கிடக்கற அண்ணன்கிட்டயா?"

மீதிப் பழத்தைப் பிரிக்காமலே வந்துவிட்டேன். உள்ளங்கையில் முள் குத்தியிருக்கிறது. எடுக்கத் தோன்றவில்லை.

ஜனவரி 9

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

எனக்குத்தான் இந்த ஊர்ப் பேச்சு தெரியாது. இவர் இங்கேயே பிறந்தவர். தம்பி வாயிலிருந்து இங்கீ வந்ததும் இவருக்குப் புரியாமல் இருந்திருக்குமா? அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார் என்று எழுதிவைத்திருக்கிறேன். தூங்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு விழித்துக் கிடந்திருக்கிறார். பக்கத்தில் நான் ஒருத்தி சந்தோஷமாக வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகும் எத்தனையோ நாள் இருந்தாரே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மீனா, உனக்கு இங்கே இடமில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் அழுவேன் என்று சொல்லவில்லை. இப்போது மட்டும் அழாமல் இருக்கிறேனா? உங்கள்மேல் எனக்குக் கோபம், கேட்கிறதா? செத்தவரோடு சண்டை போடவும் வழியில்லை.

ஜனவரி 10

ஆடு குட்டி போட்டது. இரண்டும் கடா.

ஜனவரி 27

ஊர்த்தலைவர் வந்தார், சர்விடி வந்தான், கஸ்மி வந்தாள், எனக்குத் துணையாக யு துமிரா வந்தாள். அவனை இனிமேல் 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

டீ கொடுத்தேன். மழையைப் பற்றி, மிளகாயைப் பற்றி, எம்பாவைப் பற்றிப் பேசினார்கள். இரண்டாவது டம்ளர் டீ ஆறும்போதுதான் ஊர்த்தலைவர் விஷயத்துக்கு வந்தார்.

"இந்த மனை வர்சோனோவுக்கு அப்பா வழியில வந்த அசல் சொத்து, யு மீனா. பிள்ளைங்க இருந்தா அதுங்களுக்குப் போகும். இல்லைன்னா வந்த வழியே திரும்பிப் போகும். ஊர் வழக்கம் அப்படி. வீடு வேற. அது நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து சம்பாதிச்சது, அதை கோனோ-கினின்னு சொல்லுவோம். அது முழுக்க உங்களுக்கே. அதுல யாரும் கை வைக்க முடியாது."

அசல் என்ற சொல் இவர்களிடமும் இருக்கிறது. இவர்களுக்கு அது பூர்வீகம். எங்கள் தோட்டத்தில் அசல் என்றால் வெளியாள், அசலூர்க்காரன். ஒரே சொல்லில் நிலமும் அசல், நானும் அசல். சிரிப்பு வந்தது. சிரித்தால் பைத்தியம் என்பார்கள் என்று டம்ளரைப் பொறுக்கினேன். பிள்ளைகள் இருந்தால் என்றாரே, அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

"வீட்டைக் கொடுத்துட்டு மண்ணை எடுத்துக்கிட்டா நான் எங்க காத்துலயா இருப்பேன்?" என்று மலாயில் பட்டென்று கேட்டுவிட்டேன். இங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை. எல்லோரும் பாயைப் பார்த்தார்கள்.

சர்விடிதான் வாயைத் திறந்தான். "வஹ்யுவுக்குக் குடியிருக்க ஒரு கைப்பிடி மண்ணு இல்லை, யு. நான் அவனுக்குக் கொடுக்கறதுக்கு ஆறுதான் இருக்கு." பிறகு, "வீட்டை வாங்கிக்க டவுன்லேர்ந்து ஆள் வருவாங்க, பழைய மர வீடுன்னா நல்ல கிராக்கி. நூறாம் நாள் முடிஞ்சதும் நீங்க உங்க தம்பி வீட்டுக்குப் போயிடறீங்கதானே?"

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, ரொம்ப மரியாதையாக, "இங்கீ" என்றேன்.

அவன் முகம் செத்துப்போயிற்று. அவனுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் பேசிய முதல் சரியான ஜாவா வார்த்தை அதுதான். ஊர்த்தலைவர் மறுபடி மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

பிப்ரவரி 2

மறுபடி சாம்பல். கழுவினேன். இந்த மிளகாயை யார் பறிக்கப்போகிறார்கள் என்று தெரியாமலே கழுவினேன்.

யு துமிரா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். "என் தோட்டத்து மேல்மூலையில சலாக் காய்ப்பு நின்னுபோச்சு. முள்ளு வெட்டித் தள்ளினா உன் வீடு நிக்கும். நானும் தனி ஆளு, நீயும் தனி ஆளு."

"உன் மகன் ஜகார்த்தாலேர்ந்து வந்து கேட்டான்னா?"

"கேட்டா அப்பப் பார்த்துக்கலாம். இப்ப கத்தியை எடுத்துக்கிட்டு வா."

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இவர்களுக்கு அது பழக்கமில்லை, மரம் மாதிரி நின்றாள். ஆக, நான் இனி ஒண்டுக்குடி. வீட்டுக்குச் சொந்தக்காரி, தரைக்கு ஒண்டுக்குடி. இப்படி ஒரு பிழைப்பு எங்கள் வம்சத்தில் யாரும் கண்டிருக்க மாட்டார்கள். தம்பியிடம் சொன்னால் சிரிப்பான். சொல்லவில்லை.

பிப்ரவரி 10

நூறாம் நாள். ஜெபத்துக்குச் சர்விடி வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தான். சோறு போட்டேன்.

மார்ச் 3

வீடு போயிற்று.

இரண்டு நாளாக ஓடுகளை இறக்கிச் சுவர்ப் பலகைகளைக் கழற்றினார்கள். பிரித்துப் பூட்ட வேண்டாம், பக்கத்துத் தோட்டம்தானே, தூக்கியே வைத்துவிடலாம் என்றார் தச்சர். காலையில் ஊர் ஆம்பளைகள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். எலும்புக்கூடு மாதிரி நின்ற வீட்டுக்குக் குறுக்கும் நெடுக்குமாக மூங்கில் கட்டி, ஆள் ஆளாக உள்ளே புகுந்து தோள் கொடுத்தார்கள். தச்சர் குரல் கொடுத்ததும் தூண்கள் கல்லைவிட்டு எழும்பின. அப்பா! கூரைச் சட்டமும் தூணும் அப்படியே, கீழே மட்டும் கால்கள் கால்களாக, என் வீடு கொல்லை வழியாக நடந்து போயிற்று. சின்னப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு பின்னால் ஓடின. நான் துடைப்பமும் அரிசிப் பானையும் தூக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே போனேன். சவ ஊர்வலத்திலும் இப்படித்தான் பின்னால் போனேன்.

சர்விடி வந்திருந்தான். கூப்பிடவில்லை. கிழக்கு மூலைத் தூண் அவன் தோளில். சரிவில் இறங்கும்போது அந்த மூலைக்குத்தான் பாரம் முழுக்க. அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "மெதுவா, மெதுவா, யு மீனாவோட வீடு" என்று மற்றவர்களைச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தான். அவனுக்கு வெளியேற்றவும் தெரிகிறது, ஒரு கீறல் படாமல் தூக்கிவைக்கவும் தெரிகிறது. எனக்குத்தான் இந்த மனுஷனை என்ன செய்வது என்று தெரியவில்லை. எல்லோருக்கும் சோறும் பலாக்காய்க் குழம்பும் போட்டேன். அவன் கிணற்றடியில் தோளைக் கழுவிக்கொண்டு சாப்பிடாமல் போய்விட்டான்.

மார்ச் 4

கதவு இப்போது வேறு பக்கம் பார்க்கிறது. சன்னலைத் திறந்தால் யு துமிராவின் கோழிக்கூடு.

பழைய இடத்தைப் போய்ப் பார்த்தேன். தூண் நின்ற கற்களும், அடுப்புச் சாம்பலும், தண்ணீர் படாத வெள்ளைத் தரையும் கிடக்கின்றன. இத்தனூண்டு இடத்திலா அவ்வளவு காலம் வாழ்ந்தோம்? இவர் கட்டில் இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வஹ்யு செங்கல் இறக்க வந்தான். என்னைப் பார்த்துவிட்டு, லாரியைத் தெருமுனையிலேயே நிறுத்திக் காத்திருந்தான். எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 19

கிள்ளான் தம்பி கூப்பிட்டான். வீடு மாறிவிட்டேன் என்றேன். புது வீடா என்று கேட்டான். இல்லை, பழைய வீடுதான் என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஏப்ரல் 14

நோன்பு மாதத்துக்கு முன்னால் ஊர் மொத்தமும் கூடிக் கல்லறை சுத்தம் செய்யும் நாள். முஸ்லிம் கல்லறை, கிறிஸ்தவக் கல்லறை எல்லாம் ஒரே மேட்டில்தான். யு துமிராவும் நானும் அபெம் சுட்டோம். நம் ஆப்பத்துக்குத் தங்கச்சி முறை வரும், கொஞ்சம் தடிமன். கூடை நிறைய எடுத்துக்கொண்டு மேலே போனோம்.

சர்விடி முன்னாலேயே வந்து களை வெட்டிக்கொண்டிருந்தார். பார்க்காமல் தாண்டிப் போய்விடலாம் என்றால், அவர் நின்றது இவர் கல்லறைப் பக்கத்தில்தான். அப்பா, அம்மா, இவர் என்று வரிசையாகக் கிடக்கிறார்கள். இவரை அடுத்து கொஞ்சம் இடம். அதற்கு அப்பால் மேடு முடிந்து சரிவு. அந்தக் கொஞ்ச இடத்தில் புல்லை வெட்டி எடுத்துவிட்டு, தலைமாட்டுக்கு ஒன்று கால்மாட்டுக்கு ஒன்றாக இரண்டு ஆற்றுக்கல் நட்டுவைத்திருந்தார்.

"யு, இது உங்களுக்கு" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அந்த இரண்டு கல்லையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"ஊர்த்தலைவர்கிட்ட, பெரியவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன். நாளைக்கு யாரும் வந்து இல்லைன்னு சொல்ல முடியாது. நீங்க கிள்ளானுக்குப் போனாலும் சரி, இங்க இருந்தாலும் சரி, இது உங்க பேருக்குத்தான்."

"இந்த வரிசையில அடுத்தது நீங்கதானே?" என்றேன்.

"ஆமா."

"அப்ப உங்களுக்கு?"

"கீழ, மூங்கிலடியில இடம் இருக்கு. மழைத்தண்ணி கொஞ்சம் நிக்கும். எனக்குத் தண்ணி பழக்கம்தான்." என் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "மண்ணுக்கு மேல உள்ளதைக் கொடுக்க முடியலை, யு. பையனுக்காகத்தான். என்கிட்ட என்னுதுன்னு சொல்லிக் கொடுக்கறதுக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சு."

உயிரோடு இருக்கும்போது உட்கார இடம் தராதவர் செத்தபின் படுக்க இடம் தருகிறார். கோபம் வர வேண்டும், நியாயமாகப் பார்த்தால். வந்தது அழுகைதான். இத்தனை மாசமாகக் குரலை அடக்கி அடக்கி வைத்திருந்தேன், அங்கே நின்று எங்கள் தோட்டத்து வழக்கப்படி வாய்விட்டு அழுதேன். இந்தத் தடவை யாரும் பயப்படவில்லை. யு துமிரா கூடையைக் கீழே வைத்துவிட்டு முதுகைத் தடவினாள். அவரும் தலையைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

அழுது ஓய்ந்ததும் இடத்தை ஒழுங்காகப் பார்த்தேன். நான் குள்ளம், எனக்குத் தாராளம். ஓரத்தில் இன்னும் கொஞ்சம் கோரை வேர் மிச்சமிருந்தது. அதைக் காட்டினேன். அவர் குனிந்து வெட்டப்போனார். பிறகு என்ன நினைத்தாரோ, மண்வெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, அந்த இரண்டு கல்லுக்கு வெளியே நகர்ந்து நின்றுகொண்டார்.

என் நிலத்தை நானே கொத்தினேன்.